ராமுத்தாய் அக்காவின் நாற்பத்தொரு படங்கள்

ஆர்க்குட்டில் படம் போடுவதென்றால் திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்குப் போட வேண்டும், ஐயா. ஞாயிற்றுக்கிழமை போட்டால் ஈ, காக்காய் எட்டிப் பார்க்காது. வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? எல்லாரும் ஆபீசுக்குப் போய், டீ குடித்துவிட்டு, மேனேஜர் வருவதற்குள்தான் பார்ப்பார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு மாதம் ஆயிற்று.

நீங்கள் கேட்டது இதையல்ல என்று தெரியும். ராமுத்தாய் என்ற காசநோயாளிக்கு ஆறு மாதமும் மாத்திரை கொடுத்ததாக அட்டையில் டிக் இருக்கிறது, அப்படியிருந்தும் நோய் ஏன் முற்றியது என்று எழுதித் தரச் சொன்னீர்கள். அதைச் சொல்ல இங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. நர்ஸ் சண்முகவள்ளி மேல் நடவடிக்கை எடுக்கப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் ஒரு தப்பும் செய்யவில்லை. என்னை நம்பினார், அவ்வளவுதான்.

என் பெயர் ஆனந்த்ராஜ். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில், மாடியில் பிரவுசிங் சென்டர் நடத்துகிறேன். ஆறு கம்ப்யூட்டர், ஒரு ஸ்கேனர், ஒரு ஜெராக்ஸ் மெஷின். கூட்டம் இல்லாத நேரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் படம் வரைவேன். யாரிடமும் கற்றுக்கொண்டதில்லை. மலைக்கோட்டையை ஒன்பது பக்கத்திலிருந்து வரைந்து ஸ்கேன் செய்து போட்டேன். பதினோரு பேர் பார்த்ததாகக் காட்டியது. அதில் நான்கு தடவை நானே பார்த்தது.

படம் வரைந்தால் மட்டும் போதாது என்று அப்புறம்தான் புரிந்தது. தினமும் அறுபது பேருடைய பக்கத்துக்குப் போய் 'அருமை', 'பின்னிட்டீங்க' என்று எழுதிவிட்டு வருவேன். கல்யாண மொய் மாதிரிதான், ஐயா. நாம் எழுதினால் அவர்கள் திருப்பி எழுதியாக வேண்டும். பாதிப் பேர் என் படத்தைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். அது தெரிந்தும், 'சூப்பர் தல' என்று ஒருவர் எழுதிவிட்டால் அன்றைக்கு எனக்குச் சோறு தண்ணி வேண்டாம். முப்பத்திரண்டு வயது ஆளுக்கு இது வெட்கக்கேடுதான். அப்போது வெட்கமாக இல்லை.

ராமுத்தாய் அக்கா என் கடை மாடிப்படிக்குக் கீழே பூக்கூடை வைத்து உட்கார்ந்திருப்பார். வயது நாற்பதுக்குள். புருஷன் இல்லை, ப்ளஸ் டூ படிக்கிற ஒரு மகள். 2008 ஜூன் மாதம் அவருக்கு டி.பி. என்று தெரிந்தது. வாரத்தில் மூன்று நாள், இன்னொருவர் கண் முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும் என்பது உங்கள் காசநோய் ஆபீஸ் முறை. அங்கே வந்து போனால் அக்காவுக்குக் காலை வியாபாரம் கெட்டுவிடும். அதனால் சண்முகவள்ளி என்னிடம் வந்து கேட்டார்.

"தம்பி, நீங்க படிச்சவுக. காலைல இருந்து ராத்திரி வரைக்கும் கடையிலதான் இருக்கீக. மருந்துப் பெட்டி உங்ககிட்ட இருக்கட்டும். அவுக முழுங்குனதும் அட்டையில ஒரு டிக் போட்டுருங்க, புண்ணியமாப் போகும்."

சந்தோஷமாகத்தான் ஒப்புக்கொண்டேன். பெட்டியின் மேல் அவர் பெயரை எழுதி, ஸ்கேனர் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

திங்கள், புதன், வெள்ளி. அக்கா மூச்சு வாங்க மாடியேறி வருவார். ஏழு மாத்திரை. விழுங்கியதும் குமட்டும் என்பதால் அரைமணி நேரம் என் கடையிலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். சும்மா இருக்கிற நேரம்தானே என்று அவரை வரைய ஆரம்பித்தேன். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு எழும்பி, கண் மட்டும் பெரிதாக இருந்தது. பேனா தானாக ஓடியது. வாழ்க்கையில் எனக்கு அதற்கு முன் அப்படி ஓடியதில்லை.

"என் மூஞ்சிய எதுக்குத் தம்பி வரையிற, அழகா ஒரு பிள்ளையப் பிடிச்சு வரையக்கூடாது?" என்பார். சிரித்தால் இருமல் வந்துவிடும்.

அடுத்த திங்கட்கிழமை படத்தைப் போட்டேன். சாயங்காலத்துக்குள் அறுபத்து மூன்று பேர் எழுதிவிட்டார்கள். அதில் மொய் எழுத வந்தவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. மற்றவர்கள் எனக்கு யாரென்றே தெரியாதவர்கள். முனீர் என்று ஒருவர். நம்மூர் பேகம்பூர்க்காரர், சிங்கப்பூரில் வேலை, படம் வரைபவர்களுக்காக நாலாயிரம் பேர் சேர்ந்த ஒரு குழுவை நடத்திவந்தார். 'தல, இந்த முகத்தை விடாதீங்க. வாரம் ஒண்ணு போடுங்க. நாப்பது சேரட்டும், சென்னையில கண்காட்சி வெச்சிரலாம்' என்று எழுதினார். அதைப் பிரிண்ட் எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

வாரம் ஒன்று போட்டேன். பத்தாவது படம் வரை ஏறுமுகம்தான். அதற்குள் மருந்து வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. இரண்டு மாதத்தில் சளிச் சோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. சண்முகவள்ளி மாடிக்கே வந்து, "தம்பி புண்ணியத்துல ராமுத்தாய் தேறிட்டா" என்றார். ஏழு மாத்திரை நான்காகக் குறைந்தது. அக்காவுக்குப் பசியெடுத்தது. கன்னத்தில் சதை பிடித்தது, ஜாக்கெட் இறுக்கமாகிவிட்டது என்று அவரே சொல்லிச் சிரித்தார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நீங்கள் நம்ப வேண்டும்.

பதினான்காவது படம், செப்டம்பர் நடுவில். ஒன்பது பேர் எழுதினார்கள். 'ஆளை மாத்திட்டீங்களா?' என்று ஒருவர் கேட்டிருந்தார். முனீர், 'தல, முகம் ஊதிருச்சே. அந்தப் பழைய அக்கா எங்க?' என்று எழுதினார். அடுத்த வாரம் ஆறு பேர். அதற்கடுத்த வாரம் நான்கு. பழைய முகத்தை ஞாபகத்திலிருந்து வரைந்து பார்த்தேன். வரவில்லை. எலும்பு எதிரே தெரியாமல் என்னால் எலும்பை வரைய முடியாது. நான் அந்த அளவு ஓவியன் இல்லை, ஐயா. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை, தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து என்று அக்கா பழனிக்குப் போய்விட்டார். அன்றைய கட்டத்திலும் டிக் போட்டேன். ஒரு நாள்தானே என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. வெள்ளிக்கிழமை மாத்திரையைக் கையில் எடுத்தபோது, இன்னும் இரண்டு மூன்று நாள் விட்டால்தான் என்ன என்று தோன்றியது. கோபமோ குரோதமோ எதுவும் இல்லை. கொஞ்சம் இளைத்தால் போதும், மறுபடி கொடுத்துத் தேற்றிவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டேன்.

"அக்கா, கிருமி இல்லேன்னு வந்துருச்சுல்ல. இனிமே ஒரு மாத்திரை போதும்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க" என்றேன்.

"முருகா, நல்லாருப்பய்யா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். நான் கொடுத்தது மெடிக்கலில் கிடைக்கும் மஞ்சள் நிறச் சத்து மாத்திரை. உங்கள் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிதுக்கி வாஷ்பேசினில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன். காலி அட்டைகளைப் பெட்டியில் பத்திரமாக வைத்தேன். சண்முகவள்ளி வந்து காலி அட்டையையும் டிக்கையும் ஒத்துப்பார்த்துவிட்டுப் போவார். அவர் வேறு எதைப் பார்க்க முடியும்?

மூன்று நாள் மூன்று வாரமாகி, பிறகு பழைய மாத்திரைக்குத் திரும்பவே தோன்றவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அந்த மருந்து சாப்பிட்டால் சிறுநீர் சிவப்பாகப் போகும், உங்களுக்குத் தெரியும். அது மருந்தின் நிறம் என்று சண்முகவள்ளி சொன்னபோது அக்கா தலையாட்டினார். ஆனால் நோய்தான் கரைந்து வெளியே போகிறது என்று அவர் தெருவில் எல்லாரும் பேசிக்கொண்டார்கள். அவர் நம்பியதும் அதைத்தான். தீபாவளி முடிந்து ஒருநாள் மாடியேறி வந்து, வெட்கத்தோடு குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"தம்பி, உங்கிட்டச் சொல்றதுக்கென்ன. இப்பல்லாம் ஒண்ணுக்குச் செவப்பாப் போறதில்ல. அம்புட்டு நோயும் வடிஞ்சிருச்சு. இன்னிக்கு உனக்குத்தான் மொதப் பூ."

மல்லிகை இரண்டு முழம், இலையில் சுற்றிக் கொடுத்தார். அன்றைக்காவது சொல்லியிருக்கலாம். "ஆமாக்கா" என்றேன். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசிப்போகிறது.

டிசம்பரில் ஆறு மாதக் கெடு முடிந்து அட்டை நிறைந்தது. சண்முகவள்ளி எனக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். மார்கழி பிறந்தபோது இருமல் திரும்பியது. பொங்கலுக்குள் கன்னம் ஒட்டிவிட்டது. முப்பதாவது படத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு பேர் எழுதினார்கள். முனீர் சிங்கப்பூரிலிருந்து போன் போட்டு, "தல, அழுதுட்டேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போதே சண்முகவள்ளிக்கு ஒரு போன் செய்திருந்தால் போதும். செய்யவில்லை. "பனிக்காலம்க்கா, சுக்குக் காப்பி குடிங்க" என்றேன். நாற்பதுக்கு இன்னும் பத்துப் படம் இருந்தது. வாரத்துக்கு ஒன்று என்றால் பத்து வாரம். நான் எண்ணியது அதைத்தான், ஐயா. மாடியேற முடியாமல் அக்கா படியிலேயே உட்கார்ந்துவிடுவார். நான் நோட்டை எடுத்துக்கொண்டு இறங்கி வருவேன். வெளிச்சம் அங்கே நன்றாக இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன்.

"நீ எம்புட்டுப் பாடுபட்டு மாத்திரை குடுத்த, தம்பி. நேரந் தவறாமக் குடுத்த. என் ஒடம்புக்குத்தான் கொடுப்பினை இல்ல" என்றார் ஒருநாள். நான் மூக்கின் நிழலைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

மார்ச்சில் படியில் ரத்தமாகக் கக்கினார். அக்கம்பக்கத்தார் சண்முகவள்ளிக்குச் சொல்லி, மதுரைக்குக் கொண்டுபோனார்கள். மருந்து பாதியில் நின்றுபோன மாதிரி இருக்கிறது, கிருமி இப்போது மருந்துக்கு மசியவில்லை என்று அங்கே சொன்னார்களாம். பாதியில் நிற்கவே இல்லை, அட்டையைப் பாருங்கள் என்று சண்முகவள்ளி எனக்காக வாதாடியிருக்கிறார். பங்குனி முடிவதற்குள் அக்கா போய்விட்டார். வார்டில் பார்த்துவிட்டு வந்து பஸ்ஸிலேயே வரைந்தது நாற்பத்தோராவது படம்.

கண்காட்சி நடக்கவில்லை. முனீர் பேஸ்புக்குக்கு மாறிவிட்டார். அவர் குழுவில் இப்போது ஆள் நடமாட்டம் இல்லை.

காரியம் முடிந்த மறுவாரம் அக்கா மகள் அறிவுச்செல்வி கடைக்கு வந்தாள்.

"அம்மா போட்டோ ஒண்ணுகூட இல்லண்ணே. நீங்க வரைஞ்சிருக்கீகளாம்ல. மாலை போட்டு வைக்க ஒண்ணு வேணும்."

இருப்பதிலேயே சிறந்ததைக் கொடுக்க வேண்டும் என்று முப்பதாவது படத்தை எடுத்து நீட்டினேன். அதை அவள் கையில்கூட வாங்கவில்லை. "இது எங்கம்மா இல்லண்ணே" என்றாள். நோட்டை அவளே புரட்டிப் புரட்டிப் போய்ப் பதினான்காவது படத்தில் நிறுத்தினாள், கன்னம் உப்பி அக்கா சிரிக்கிற படம். அதை நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு அழுதாள். ஒன்பது பேர் மட்டும் எழுதிய படம் அது. அன்றைக்குக் கடையைச் சாத்திவிட்டு, உள்ளே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டேன். வெளியே யார் தட்டினாலும் திறக்க எனக்கு முகம் இல்லை.

ராமுத்தாய் அக்காவைக் கொன்றது நான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை. சண்முகவள்ளியைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். போலீசுக்கு நீங்களே சொன்னாலும் சரி, என்னைப் போகச் சொன்னாலும் சரி. சந்துக்கு வருகிறவர்கள் முகத்தில் விழிக்கக் கூசிக்கொண்டு எத்தனை நாள் இருப்பது?

உங்கள் அட்டை பொய் சொல்லும், ஐயா. என் படங்கள் சொல்லாது. ஒவ்வொன்றின் கீழும் தேதி இருக்கிறது. பதினான்காவதையும் முப்பதாவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், எந்த மாதம் மருந்து நின்றது என்று டாக்டரான உங்களுக்குத் தெரிந்துவிடும். ஆர்க்குட் ஆல்பத்தை அழிக்காமல் வைத்திருப்பது அந்தச் சாட்சிக்காகத்தான், வேறு எதற்காகவும் இல்லை. முகவரியைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். முப்பதாவது படத்தை மட்டும் பெரிதாக்கிப் பாருங்கள், கண்ணில் அந்த வெளிச்சம் அப்போதுதான் சரியாகத் தெரியும். கீழே எழுதுவதற்கு இடம் இருக்கிறது, ஐயா. நல்லதோ கெட்டதோ, பார்த்துவிட்டு இரண்டு வரி எழுதுங்கள்.