மஞ்சுளா வீட்டு ஊசிகள்

கழுநீர் கொடுக்கிற வீட்டுக்காரர்களை நான் ஒரு நாளும் மரியாதைக் குறைவாகப் பேசியதில்லை, சார். அரிசி களைந்த தண்ணீரும் காய்த் தோலும் அவர்களுக்குக் குப்பை; ஒற்றை மாட்டை வைத்துப் பிழைக்கிறவளுக்குப் பாதித் தீவனம். செலியமேட்டில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், கல்பனா நன்றி மறக்காதவள் என்றுதான் சொல்வார்கள். ஊரில் மனு எழுத என்னிடம்தான் வருவார்கள். ஆகவே நீங்கள் ஸ்டேஷனில் எழுதித் தரச் சொன்னதையும் நடந்தது நடந்தபடியே எழுதுகிறேன்.

பக்கத்து வீட்டு மஞ்சுளாக்கா தினமும் ஒரு வாளி கழுநீர் கொடுப்பார். பொங்கல் கழிந்ததும் என் சிவப்பி தீனி எடுக்காமல் முதுகை வளைத்துக்கொண்டு நின்றது. பிறகு படுத்தது, எழவில்லை. கால்நடை டாக்டர் அறுத்துக் காட்டினார். இரைப்பையில் சின்னச் சின்ன ஊசிகள், சுற்றிலும் சீழ். "சர்க்கரைக்குப் போடற ஊசிம்மா. தீனியோட போயிருக்குது" என்றார். வீட்டுக்கு வந்து, அன்றைக்கு வாங்கி வைத்திருந்த வாளியைக் கவிழ்த்தேன். மடித்த பூசணித் தோலுக்குள் ஓர் ஊசி செருகியிருந்தது.

அதை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். மஞ்சுளாக்கா தெருவே கேட்கப் பேசினார். "எங்க வூட்ல எவளுக்குடி ஊசி? தீனி வைக்க வக்கில்லாம மாட்ட சாவடிச்சிட்டு, பழிய எங்க மேல போடறியா? மாட்டுக்குக் கருமாதி பண்ணு, போ." நான்கு பேர் சிரித்தார்கள். நான் ஊசியைத் தாளில் மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அவர் மகள் பிரியதர்ஷினி கொல்லைப்பக்கமாக வந்தாள். "அத்த, நான்தான் சொருவி வச்சேன். ஸ்கூல் படிக்கசொல்லவே எனக்கு சர்க்கரை வந்துட்ச்சி. குப்ப வண்டிக்காரங்க வாசல்லயே பிரிச்சிப் பாக்கறாங்க. ஊசியப் பாத்தா ஊருக்கே தெரிஞ்சிடும்னு அம்மா தோலுக்குள்ள வைக்கச் சொன்னாங்க. குப்பைக்குப் போவ வேண்டியது உங்க வாளில வுழுந்துட்ச்சி. வில்லியனூரு மாப்ள வூட்டுக்கு இது தெரியாது. சொல்லிடாதீங்க அத்த." என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் தலையைத் தடவிக் கொடுத்தேன்.

நான் எதையும் அரைகுறையாகச் செய்வதில்லை. சுகாதார நிலையத்துக்குப் போய் நர்ஸ் ஜோஸ்பினிடம், போட்டு முடித்த ஊசிகளை எப்படிக் குப்பையில் சேர்க்க வேண்டும் என்று கேட்டேன். "கெட்டி பிளாஸ்டிக் பாட்டில்ல போட்டு மூடிய இறுக்குங்கக்கா. முக்காவாசி நெறஞ்சதும் இங்க குடுத்துடுங்க" என்றாள். நல்ல பாட்டிலாகப் பார்த்து ஒன்றை எடுத்து வைத்தேன். பிரியா தினமும் வேலி வழியாக ஊசிகளைத் தருவாள், நான் போட்டு வைப்பேன். "நீங்க இல்லன்னா நான் இன்னா பண்ணுவேன் அத்த" என்பாள்.

நிச்சயதார்த்தத்துக்கு ஊர் அழைப்பில் எனக்கும் சொல்லியிருந்தார்கள். தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், பூ வைத்து, நடுவில் அந்தப் பாட்டிலைத் துணியால் மூடி எடுத்துப் போனேன். மாப்பிள்ளையின் அம்மாவிடம் கொடுத்தேன்.

"இன்னாம்மா இது?"

"உங்க மருமவ சாமானுங்க. தினம் இது இல்லாம முடியாது. பயப்படாம தொடுங்க, மூடி கெட்டியா இருக்குது, கைல குத்தாது."

நான் பொய் சொல்லவில்லை. அவர்கள் சாப்பிடாமலே கிளம்பிப் போனார்கள். மஞ்சுளாக்கா நின்ற இடத்திலேயே உட்கார்ந்ததை நான் பார்த்தேன். அன்று மாலை எனக்கு நன்றாகப் பசித்தது.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஓயாத திட்டு. "ஒன்னால மானம் போச்சேடி" என்ற சத்தம் என் அடுப்படி வரைக்கும் கேட்கும். திட்டுக்குத் தப்பித்து, பிரியா என் காலித் தொழுவத்தில் வந்து உட்காருவாள். என்மேல் அவளுக்குக் கோபமே இல்லை. "சிவப்பியக் கொன்னது நான்தான அத்த" என்றாள். ஒரு நாள் சொன்னாள்: "ஊசிய வுட்டுட்டேன். அதப் போட்டாதான நான் வியாதிக்காரி? அம்மாகிட்ட சொல்லாதீங்க."

நான் சொல்லவில்லை. நம்பிச் சொன்னதை வெளியே விடுவது நல்ல பழக்கம் இல்லை.

அவளுக்குத் தாகம் தாங்கவில்லை. வீட்டில் கேட்டால் அம்மா சந்தேகப்படுவார் என்று என்னிடம்தான் கேட்பாள். முகம் வற்றிப்போயிருந்தது, பேச்சு குழறியது. நான் மறுபடியும் ஜோஸ்பினிடம் போனேன். சின்ன வயதில் சர்க்கரை வந்தவர்கள் ஊசியை நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டேன்.

"ஐயோ, அவங்களுக்கு அதுதான்க்கா உயிரு. தாகம் எடுக்கும், வாந்தி வரும், அப்புறம் நெனவு தப்பி ஆளே போயிடும். யாருக்குக்கா? ஒடனே இட்டுனு வாங்க."

"சும்மாதான் கேட்டேன்" என்றேன். வரும் வழியில் கடையில் என் காப்பிக்கு வெல்லம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பிரியா தொழுவத்தில் சாய்ந்து கிடந்தாள். ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம் அவள் அம்மா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தார். ஒரு குரல் கொடுத்திருந்தால் கேட்டிருக்கும். நான் குரல் கொடுக்கவில்லை. இருட்டியதும் அவள் எப்படியோ எழுந்து வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகும்போதே அவளுக்கு நினைவு இல்லை.

மஞ்சுளாக்கா மார்பில் அடித்துக்கொண்டு அழுதார். நான் போய் ஆறுதல் சொன்னேன்.

தெரிந்தே சாகவிட்டாய் என்கிறீர்கள். தெரிந்துதான் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண் கேட்டபோதெல்லாம் செம்பு நிறையத் தண்ணீர் கொடுத்தேன், சார். இல்லை என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.