பாதிச் சொல்

நீராகாரம் எப்படிச் செய்வார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மண்சட்டியில் மூடி வைப்பார்கள். விடிவதற்குள் இலேசாகப் புளித்துவிடும். காலையில் சோற்றைக் கரைத்து, உப்புப் போட்டு, இருந்தால் ஒரு சின்ன வெங்காயம் தட்டிப் போட்டுக் கொடுப்பார்கள். பார்க்கத் தண்ணீர் போலத்தான் இருக்கும். ஆனால் அதைக் குடித்தவர் மதியம்வரை கல் சுமக்கலாம். நீர், ஆகாரம் என்ற இரண்டும் சேர்ந்த சொல் அது. சொற்களை இப்படிப் பிரித்துப் பார்ப்பது எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்கும்.

மெதுவாகவே எழுதுங்கள் இன்ஸ்பெக்டர், அவசரமில்லை. என் பெயர் ஆர்தர். பினாங்கு கோர்ட்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளன்; தமிழில் சொல்வதை நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொல்பவன். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. சாட்சி ‘நான்’ என்றால் நாங்களும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். ‘அவளுக்குப் பசிக்கிறதாம்’ என்பது தவறு. ‘எனக்குப் பசிக்கிறது’ என்பதுதான் சரி. அந்த விதிப்படி நான் கோழி திருடியிருக்கிறேன், மனைவியை அடித்திருக்கிறேன், ஒருமுறை கொலையும் செய்திருக்கிறேன். மாலையில் தொப்பியை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன்.

நல்லம்மாள் சுங்கை பினாங்கில் ஆற்றோரக் குடிசையில் இருந்தவள். புருஷன் இறந்த பிறகு சாலை வேலைக்குக் கல் சுமக்கப் போனாள். மகள் லெட்சுமியைப் பக்கத்து வீட்டுச் சபூராவிடம் விட்டுச் செல்வாள். ஒரு நாள் சபூரா காய்ச்சலில் சுருண்டுவிட, குழந்தை சேற்றில் தனியே நிற்பதைப் பார்த்து ஒரு போலீஸ்காரர் தூக்கி வந்தார். பிள்ளைகளுக்கான சட்டம் அப்போது புதிது. கவனிக்காமல், பட்டினி போட்டு விட்டதாகத் தெரிந்தால், தாய்க்கு உள்ள உரிமையையே கோர்ட் எடுத்துவிடலாம்.

அவள் கூண்டுக் கம்பியைப் பிடித்திருந்தாள். 

“நான் பெத்த புள்ள தொரே. என்கிட்டயே குடுத்துருங்க.”

நான் பெற்ற குழந்தை, என்னிடமே கொடுங்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எனக்கும் என் மனைவி டோரதிக்கும் பிள்ளையில்லை. அந்த வாக்கியத்தை என் குரலில் நான் கேட்டது அன்றுதான். இன்னொரு முறை சொல்ல ஆசையாக இருந்தது.

வேலைக்குப் போகுமுன் குழந்தைக்கு என்ன கொடுப்பாய் என்று நீதிபதி கேட்டார்.

“நீராகாரம் குடுத்துட்டுத்தான் தொரே போவேன். ஒரு நாளும் வெறும் வயித்தோட விட்டதில்ல.”

நான் ஆங்கிலத்தில் ‘தண்ணீர்’ என்றேன். பொய்யில்லை, பாதிச் சொல். அவளுடைய இரண்டாவது வாக்கியம் முதலாவதிலேயே அடங்கியிருந்ததால் அதைத் தனியாகச் சொல்லவில்லை. நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை வெகுநேரம் பார்த்தார்.

தாய்க்கு இனிமேல் உரிமையில்லை என்று உத்தரவானது. நல்ல குடும்பம் ஒன்று வேண்டும் என்றார்கள். டோரதி கேட்டாள், அவள் பெயருக்கே கொடுத்தார்கள்.

வெளியே சபூரா என்னை மறித்தாள். கோர்ட்டில் பேனா பிடிக்கும் எல்லோரும் அவளுக்குக் கிராணிதான்.

“கிராணி அண்ணே, ‘வாட்டர்’னு சொன்னீங்களே, வாட்டர்னா தண்ணிதானே? எம் மாப்பிள்ளைக்குக் கப்பல்ல வேலை, எனக்குத் தெரியும்லா.”

“கோர்ட்டு இங்கிலீஷ் வேற அக்கா.”

“ஓ. கோர்ட்டுல தண்ணிக்குள்ள சோறு கெடக்காதோ?”

நல்ல கேள்வி. சிரித்துவிட்டு நடந்தேன். 

குழந்தைக்குக் கேத்தரின் என்று ஞானஸ்நானம் கொடுத்தோம். பழைய பேச்சை மறக்கவைப்பது கடினமல்ல, முறை வேண்டும். டோரதியை அம்மா என்றும் என்னை அப்பா என்றும் சொல்லும்வரை குளியலறையில் இருக்கட்டும் என்று வைத்தேன். கதவைப் பூட்டினேன், விளக்கைக் கொண்டுபோய்விட்டேன். வெளிச்சம் இருந்தால் கவனம் சிதறும். அடித்ததேயில்லை. சொல் வரும்வரை தண்ணீர் மட்டும் கொடுத்தேன். டோரதி கதவருகே நின்று, “போதுங்க, சின்னப் புள்ளைங்க” என்று அழுவாள். அவளுக்குப் பொறுமை போதாது. என் சப்பாத்துச் சத்தம் கேட்டாலே குழந்தை மேசைக்கடியில் போய்விடும். பிள்ளைகளுக்கு ஒளிந்து விளையாடப் பிடிக்கும்.

பிறகு சபூரா ஒரு வக்கீலைப் பிடித்தாள். நல்லம்மாள் மறுபடி மனுப் போட்டாள். சிங்கப்பூரிலிருந்து புதிதாக வந்திருந்த நீதிபதிக்கு டோரதி யாருடைய மனைவி என்று தெரியாது. நானும் சொல்லவில்லை, மொழிபெயர்ப்பாளன் தானாகப் பேசக் கூடாது என்பதும் விதிதான். குழந்தையையே கேட்டுவிடலாம் என்றார் அவர்.

பயம் எப்படி வேலை செய்கிறது என்பதை அன்று என்னிடமே கவனித்தேன்.    கூட்டத்தைக் கண்டால் குழந்தை மிரளும் என்று சொல்லி, சபூராவையும் மற்றவர்களையும் வெளியே அனுப்பச் செய்தேன். உள்ளே இருந்த வக்கீலுக்குத் தமிழ் தெரியாது, நல்லம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. இரண்டும் தெரிந்தவன் நான் ஒருவன்.

குழந்தையை ஒரு நாற்காலியில் நிறுத்தினார்கள். ஒரு பக்கம் நல்லம்மாள், மறுபக்கம் நான். உன் பெயர் என்ன என்று நீதிபதி கேட்டார். லெட்சுமி என்றாள். கேத்தரின் என்றேன். பயமாக இருக்கிறதா என்று கேட்கச் சொன்னார்.

“பயமா இருக்கா?”

“இருக்கு.”

“யாரப் பாத்து?”

“இவங்களப் பாத்து.”

நல்லம்மாள் வாய்விட்டு அழுதாள். “கேட்டீங்களா தொரே, புள்ளையே சொல்லிருச்சு” என்று கும்பிட்டாள். நிம்மதியில் வந்த அழுகை. நீதிபதி அதைக் குற்றமுள்ள மனம் அழுவதாக எடுத்துக்கொண்டார், குழந்தை சொன்னதைக் கேட்க என் பக்கம் திரும்பினார்.

சபூரா உங்களிடம் வந்து சொல்லியிராவிட்டாலும் இதை நானே ஒரு நாள் சொல்லியிருப்பேன். குழந்தையை இப்போது எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கமாட்டேன். நான் விளக்க விரும்புவது ஒன்றைத்தான். ‘இவங்க’ என்பது மிக மரியாதையான சொல். ஆணுக்கும் அதுதான், பெண்ணுக்கும் அதுதான். பெரியவர்களை அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான். ஆங்கிலத்தில் அந்த வசதி கிடையாது; அவனா அவளா என்று ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

‘அவளைக் கண்டு’ என்றேன். இலக்கணப்படி அதில் பிழையில்லை; மனு தள்ளுபடியானது. குழந்தையின் கண் மட்டும் என் சப்பாத்தைவிட்டு நகரவேயில்லை.