சாம்பல் கல்

எனக்குப் பூண்டு என்றால் கொள்ளை ஆசை, பெரியவர்களே. உலைத் தலைவனானபின் அதை விட்டுவிட்டேன். பூண்டு தின்றவன் மூன்று நாள் உலைப்பக்கம் வரக்கூடாது. நீங்கள் அதை உலைத்தெய்வத்துக்கான விரதம் என்று நினைத்திருப்பீர்கள். விரதமில்லை. சாம்பல் கல் உருகும்போது எழும் நச்சுப்புகை பூண்டு மணக்கும். வாசம் வந்ததும் குழலால் உலை ஊதுகிறவர்கள் எழுந்து விலகிவிட வேண்டும். வாயிலேயே அந்த வாசம் இருந்தால் மூக்குக்கு எப்படித் தெரியும்?

கல் கோடரிக்காரர்களைச் செம்புக் கோடரியால் விரட்டித்தான் நம் பாட்டன்மார் இந்த நீரூற்றைப் பிடித்தார்கள். இப்போது ஊற்றின்மீது கண்வைத்திருக்கும் மேட்டுக்காரர்களிடமும் செம்பு இருக்கிறது. பச்சைக் கல்லில் மட்டும் எடுத்த செம்பு நாலு வெட்டில் மழுங்கிப்போகும். சாம்பல் கல் ஒரு பிடி சேர்த்தால் இறுகும். விலகி விலகி ஊதினாலும் சில வருடத்தில் கால் விளங்காமல் போகும், அது உண்மைதான்.

என் தங்கை அத்னாவின் கணவன் ஹதூர் அதைக் கண்டுபிடித்துவிட்டான்.

"முடமாப் போனவன் பூராப் பேரும் சாம்பல் கல்லுக்கு ஊதினவன்தான் மச்சான். அறுவடை முடியட்டும், ஊரைக் கூட்டிச் சொல்லப்போறேன்."

சொன்னபின் எவன் ஊதுவான்? அடுத்த கோடையில் ஊற்று மேட்டுக்காரர்களுடையதாகிவிடும்.

அவன் மகளுக்குப் பெயர் வைத்த அன்று ஆட்டுக்கறியை நானே சமைத்தேன். பூண்டை அள்ளிப் போட்டேன். மறுநாள் காலை அவனை ஊதக் கூப்பிட்டேன்.

"வாயத் தொறந்தா எனக்கே குமட்டுது. நான் உலைக்கு வரலாமா மச்சான்?"

"இன்னைக்கு வெறும் பச்சைக் கல்லுதான் மாப்ள. அதுக்கு என்ன, மூக்கா இருக்கு?"

சிரித்துக்கொண்டே ஊதுகுழலை எடுத்தான்.

சாம்பல் கல்லை மாவாக இடித்துப் பச்சைக் கல் தூளில் கலந்து வைத்திருந்தேன். ஒரு பிடியல்ல, ஒரு கூடை. காற்று வரும் பக்கமாக நான் நின்றுகொண்டேன். உச்சிவேளைக்குள் வாந்தி எடுத்தான். "நீ வச்ச கறிதான் மச்சான், கொன்னுட்ட" என்று கேலி செய்தான். மூன்றாம் நாள் போய்விட்டான்.

அவனோடு ஊதிச் செத்த இருவர்மீதும் எனக்குப் பகை எதுவும் கிடையாது. ஒரு குழலால் உலை எரியாது, மூன்று வேண்டும். விருந்தில் அவர்களுக்கும் நானே பரிமாறினேன்.

ஆம், நான்தான் செய்தேன். ஊருக்காகச் செய்தேன். அத்னாவிடமும் சொல்லிவிட்டேன், அவள் புரிந்துகொள்கிறவள். அன்று வார்த்ததில் முதல் கோடரியை அவள் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். இருபது நாளாக அங்கேயே கிடக்கிறது. கைக்குழந்தைக்காரி, எடுத்து உள்ளே வைக்க நேரம் கிடைத்திருக்காது.