வீல் சந்துல ஒரு கை

— கைய வெளிய எடு கீதா. நெறமாசக்காரி செய்யற வேலையா இது?

— வேற யாரு கை மாமா நுழையும்? உங்க கை இன்ஜினுக்குப் பின்னால பாதிகூட போவல. நான் ஸ்டூல்லதானே உக்காந்திருக்கேன். ஜீப்பு வீல் சந்துல கைய வுடறேன், அவ்ளோதான்.

— மெக்கானிக் சக்கரபாணிய வரச் சொல்லியிருக்கேன்.

— கீழ்பென்னாத்தூர்லேர்ந்து பௌர்ணமி கூட்டத்துல எப்ப வந்து சேருவாரு? மத்தியானம் நம்ம வாசல் கிரிவலப் பாதைய மூடிடுவாங்க. அதுக்குள்ள கூட்டினு வந்து அட்மிட் பண்ணிடுங்கன்னு டாக்டரம்மா உங்ககிட்டதானே சொன்னாங்க.

— ஆம்புலன்ஸ கூப்பிடலாம்.

— பேசிட்டேன். அது வர்றதுக்குள்ள தடுப்பு போட்டுடுவாங்களாம், அந்தாண்டதான் நிக்குமாம். இந்த வயித்தத் தூக்கினு அவ்ளோ தூரம் நடக்கட்டுமா?

— எல்லாம் என் தப்பு. நேத்தே கூட்டினு போயிருக்கணும். காடு மேடெல்லாம் ஏறின ஜீப்பு, வாசல்ல நிக்கும்போது இன்ஜினுக்குத் தண்ணி போற ஹோஸ் வெடிக்கும்னு யாரு கண்டா?

— பொலம்பாதீங்க. வளையல் தட்டுது. கழட்டுங்க.

— வேணாம்மே. வளைகாப்புல போட்டது. கொழந்த பொறக்கற வரைக்கும் கழட்டக் கூடாதுன்னு அம்மா எத்தினி வாட்டி சொன்னாங்க.

— அத்தைகிட்ட நான் சொல்லிக்கிறேன்.

— ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா? எனக்குப் பயமா இருக்குது கீதா.

— எனக்கு மட்டும் இல்லையா? கூட்டத்துல மாட்டிக்கினு நடுரோட்டுல பெத்துக்கறத நெனச்சாதான் எனக்குப் பயம். சோப்பு எடுத்தாங்க. வெரசா.

— மெதுவா... வலிக்குதா?

— இல்ல, வந்துடுச்சு. இப்ப முழங்கை வரைக்கும் போவுது. கிளிப்பு கழண்டுடுச்சு. இந்தாங்க பழைய ஹோஸ், அப்பளமாட்டம் நொறுங்குது. புதுசக் குடுங்க.

— பைப்புல நல்லா அழுத்தி ஏத்து. கிளிப்ப ஜாஸ்தி முறுக்காத, ரப்பர் அறுத்துடும். இன்னா, பல்லக் கடிக்கிற? கீதா?

— ஒண்ணுமில்ல. இடுப்பு புடிச்சிக்கிச்சு. முறுக்கிட்டேன், கையையும் எடுத்துட்டேன். தண்ணி ஊத்தி ஸ்டார்ட் பண்ணுங்க.

— ஊத்திட்டேன். இரு... ஆங், ஸ்டார்ட் ஆயிடுச்சு பாரு. தடுப்பு போடறதுக்குள்ள தாண்டிடலாம். வா, கையக் குடு. ஏய், ஸ்டூலுக்குக் கீழ இன்னா இவ்ளோ தண்ணி? போச்சு, இன்னும் ஒழுகுது. ஆஃப் பண்றேன், நீ அந்தக் கிளிப்ப இன்னொரு முறுக்கு முறுக்கு.

— ஆஃப் பண்ணாதீங்க மாமா. அது ஜீப்பு தண்ணி இல்ல. பனிக்குடம் ஒடைஞ்சிடுச்சு.