குட்டிக்கரடியின் அழுகை

— அவளை மிரட்டாதீங்க. ஏழு வயசுப் பிள்ளைக்கு எது விளையாட்டு, எது கடைன்னு என்ன தெரியும்?

— நான் எங்கே மிரட்டினேன், கேட்கத்தானே செய்யறேன்! பாப்பா, அப்பாகிட்ட சொல்லுடா. உன் ஸ்கூல் ஃபீஸுக்கு வச்சிருந்த காசு மொத்தமும் காலி. போன் விளையாட்டுல எதுக்கு அந்தப் பச்சைப் பட்டனை அமுக்கிட்டே இருந்தே?

— குட்டிக்கரடி அழுதுச்சுப்பா. பால் வாங்கிக் குடுத்தா நிறுத்தும். அப்புறம் மறுபடியும் அழும்.

— போனை ஓரமா வச்சிட்டுப் போக வேண்டியதுதானே?

— அழும்போது விட்டுட்டு எப்படிப்பா போறது?

— கேட்டீங்களா? இதைத்தான் அந்தக் கம்பெனிக்கு எழுதினேன். ‘உங்க பாஸ்வேர்டுல வாங்கினது, நாங்க பொறுப்பில்லை’ன்னு ஒத்தை வரியில பதில். ஒரே ஒரு தடவை போட்டேங்க. போன் அதை ஞாபகம் வச்சுக்கும்னு நான் கண்டேனா?

— விடு, நுகர்வோர் கோர்ட்டுல பார்த்துக்கலாம். பச்சைப்பிள்ளை மனசைப் பிசைஞ்சு காசு பறிக்கறானுங்க. இதுக்குத் துணைபோன ஒருத்தனையும் விடக்கூடாது.

— அந்த அழுகையையும் ஆதாரமா குடுக்கணும்னு வக்கீல் சொன்னார். போன்லேர்ந்து எடுத்துக் குடுங்க. சவுண்ட் இன்ஜினியரைக் கட்டிக்கிட்டதுக்கு இந்த உதவியாவது கிடைக்கட்டும்.

— நக்கலா? நாய் குரைக்கறது, கதவு கிறீச்சிடறதுன்னு கண்ட சத்தத்தையும் பிடிச்சு வித்துத்தான் நம்ம வீட்டுல அடுப்பு எரியுது. எது யார் கைக்குப் போகுதுன்னு எனக்கே தெரியாது. ஹெட்ஃபோனைக் குடு, கேட்போம். அடப்பாவி!

— என்னங்க?

— மெஷின்ல செஞ்ச சத்தம் இல்ல, இது நிஜக் கைக்குழந்தை. தேம்பித் தேம்பி அழுது. தூக்காம மைக்கை நீட்டிக்கிட்டு நின்னிருக்கான் பாரு, அவனெல்லாம் மனுஷனா?

— ஐயோ, யாரு பெத்த பிள்ளையோ!

— அதுலயும் அரைகுறைப் பய. பின்னாடி யாரோ ஒரு பொம்பளை என்னமோ கத்தறா. அதைக்கூட ஒழுங்கா வெட்டத் தெரியலை.

— கத்தறாளா? குடுங்க, நானும் கேட்கறேன்.

— இந்தா. நல்லாக் காது குடுத்துக் கேளு... ஏய், ஏன் முகம் இப்படிப் போகுது?

— அழறது நம்ம பாப்பாங்க. ‘மைக்கை வச்சிட்டு அவளைத் தூக்குங்களேன்’னு அடுப்படிலேர்ந்து கத்தறது நான்.