சொந்தக் கார் மாப்பிள்ளை

– அண்ணே, டயர் வெலய இன்னொரு தடவ சொல்லுங்க. மறந்து போச்சு.

– ஒண்ணு பதினாறாயிரம். நாலாவது தடவயாச் சொல்றேன் தம்பி. பரீச்சைக்குப் படிக்கிற பய மாதிரியே கேக்க.

– பரீச்சைதாண்ணே. இன்னும் அர மணி நேரத்துல மண்டபத்துல எறங்குன ஒடனே எம் மச்சினன் பாண்டி இந்தக் காரச் சுத்திச் சுத்தி வருவான். "அத்தான், டயரு எம்புட்டு, மைலேஜ் எம்புட்டு"ன்னு கேப்பான். நான் திருதிருன்னு முளிக்கக் கூடாதுல்ல. நாலு டயரும் பதினாறுதான?

– அங்கனதான் மாட்டிக்கிருவ. முன்னாடி ரெண்டுதான் பதினாறு. பின்னாடி ரெண்டும் அகலம் கூட. ஒண்ணு இருவது. முன்னத பின்னாடி மாத்திப் போட முடியாது.

– ஸ்டெப்னி?

– ஸ்டெப்னியே கெடையாது. அந்த எடத்துலதான் நம்ம பலகை ரெண்டும் கெடக்கு.

– அதான் தெரியுமே. வேகத்தடைக்கு வேகத்தடை பட்டு வேட்டிய மடிச்சுக் கட்டிப் பலகை போட்டவன் நாந்தான? காரு வயித்துல தட்டிரும்னு மாப்பிள்ளயவே எறக்கி விட்டுட்டீக.

– நல்லாத்தான் போட்ட. கோணாம நேராப் போட்ட. எங்க வீட்டு வாசல் மேட்டுல எம் பொண்டாட்டி பாண்டிலட்சுமிகூட அப்பிடிப் போட மாட்டா.

– மதினி இதுல வருவாகளா?

– ஏறுனதே இல்ல. "இதுக்குச் செலவழிச்ச காசுக்கு எட்டு எரும வாங்கிருந்தா ஊருக்கே பால் ஊத்திருக்கலாம்"ன்னு வாசல்லயே நின்னு சொல்லுவா.

– அண்ணே, மணி அஞ்சாச்சு. மாப்பிள்ள அழைப்புக்குக் கோயில்ட்ட எங்க அம்மா, மாமா, மேளக்காரவுக எல்லாரும் நிக்காக. நாம திருத்தங்கல் ரோட்டுல பேனெட்டத் தொறந்து வச்சிக்கிட்டு வெயில்ல நிக்கோம். எம்புட்டு நேரம் ஆகும்?

– இன்னும் பத்து நிமிசம் ஆறட்டும். மெதுவாப் போனா இதுக்குப் பிடிக்காது, கொதிச்சிரும். வேகமாப் போனா நம்ம ரோட்டுக்குப் பிடிக்காது. என்ன செய்யச் சொல்ற?

– கம்பெனி ரோட்டுல போயிருந்தா இந்நேரம் போயிருக்கலாம்ல?

– ஆத்தாடி! அந்த ரோட்டுப் பேச்சே எடுக்காத. போன மாசம் அந்தப் பக்கம் போறேன், இது பின்னாடி கொளாய்ல ரெண்டு வெடி விட்டுச்சு, டப்பு டப்புன்னு. மத்த ஊரா இருந்தா பயலுக கை தட்டுவானுக. இங்கன? பட்டாசுக் கம்பெனிக்குள்ள வேல பாத்த பொம்பளக அம்புட்டுப் பேரும் போட்டது போட்டபடி வெளிய ஓடியாந்துட்டாக. போர்மேன் மணிமுத்து வந்து சாவியப் புடுங்கிக்கிட்டாரு. "ஒம்ம காருக்குத் தீப்பொறி வெளிய வராமக் கொளாய்ல வல போட்டுட்டு வாரும், இல்லாட்டி மாட்டப் பூட்டி இளுத்துட்டுப் போவும்"ன்னாரு. ஒவ்வொரு அக்காகிட்டயும் போயி மன்னிப்புக் கேட்டேன் தம்பி. வெளாட்டு இல்ல அது. அதுலருந்து அந்தப் பக்கமே போறதில்ல.

– சரிதாண்ணே. எங்கம்மாவும் கம்பெனிக்குப் போறவதான்.

– வல வாங்கி மாட்டிட்டேன். இது வெளிநாட்டுக் கொளாய், நம்ம ஊரு வல பொருந்தல. லேத்துல குடுத்துக் கடைஞ்சேன். அதுக்கு ஆறாயிரம்.

– பாத்தீகளா, இத நீங்க சொல்லவே இல்ல. வேற என்னெல்லாம் இருக்கு?

– கூர மூடாது. ரெண்டு வருசமாத் தொறந்தே கெடக்கு. மோட்டார் வரணும், மூணு மாசம் ஆகும்னான், எட்டு தடவ மூணு மாசம் ஆயிருச்சு. மள வந்தா தார்ப்பாய். சர்வீஸுக்கு மதுரைல ஆள் இல்ல, கோயம்புத்தூருக்கு லாரில ஏத்திட்டுப் போகணும். ஓட்டிட்டுப் போக பயமா இருக்குல்ல.

– காரு வச்சிருக்கவரு காரக் கொண்டுபோறதுக்கு லாரிக்கு வாடகை குடுக்கீகளா?

– போக வர பதினெட்டாயிரம். சிரிக்காதலே.

– அந்த மஞ்ச வெளக்கு எதுக்கு எரியுது?

– அது நான் வாங்குன நாளைலருந்து எரியுது. அது எரிஞ்சா பயப்படாத. அணைஞ்சாத்தான் பயப்படணும்.

– அண்ணே, நெசமாக் கேக்கேன். எனக்குச் சம்பளம் இருவத்திரண்டாயிரம். அச்சாபீஸ்ல டிசைன் போடுறவன். இந்தக் காரு என்னோடதுன்னா மூளையுள்ள எவனாச்சும் நம்புவானா?

– மூளையுள்ளவன் வச்சிருக்க மாட்டான். மூளையில்லாதவன்தான் வச்சிருப்பான். என்னயப் பாரு. மக்காச்சோளம் போடுற சம்சாரி நானு. ரெண்டு குறுக்கம் நெலத்த வித்து வாங்குனேன்.

– பொறவு ஏண்ணே வச்சிருக்கீக?

– சிரிக்க மாட்டியே? நாப்பத்தஞ்சு வருசம் நான் ரோட்டுல போனா ஒருத்தனும் திரும்பிப் பாத்ததில்ல. பஞ்சாயத்துல கை தூக்குனாலும் கண்டுக்கிற மாட்டான். இதுல சூலக்கரை வளியாப் போனேன் பாரு, கலெக்டராபீஸ் வாசல்ல இருக்க போலீஸ்காரரு வெறப்பா நின்னு சல்யூட் வச்சாரு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன் தம்பி. சந்தோசத்துல. அம்புட்டுத்தான் எங் கத. நீ சொல்லு, ஒனக்கு எதுக்குலே இந்தப் பொய்யி? வாடகைக்கு எடுத்தேன்னா கொறஞ்சா போயிருவ?

– நான் சொல்லலண்ணே. எல்லாம் காலண்டர் பண்ணுன வேல.

– எந்தக் காலண்டரு?

– உங்க கார எங்க அச்சாபீஸ்காரவுக சித்திரைல படம் எடுக்க வாங்குனாகள்ல? அன்னைக்கு மாடல் பையன் மதுரைலருந்து வரல. மொதலாளி, "எழிலு, நீயே சாஞ்சு நில்லு, மூஞ்சி பாக்குற மாதிரித்தான் இருக்கு"ன்னுட்டாரு. கண்ணாடி போட்டு, கோட்டு மாட்டி நிக்க வச்சாக. ஆனில எனக்கும் இசைவாணிக்கும் நிச்சயம் ஆச்சு. ஆடிப் பதினெட்டுக்கு அடுத்த வருசக் காலண்டர் ஆல்பம் வந்துச்சு. வழக்கந்தான? வெளியூரு யாவாரிக எல்லாம் வந்து புரட்டுறாக. விஸ்வநத்தத்துல எம் மாமனாரு கைக்கும் ஒண்ணு போயிருச்சு. தொறந்தா பதிமூணாம் பக்கத்துல நானும் இந்தச் செகப்புக் காரும்.

– அடப்பாவி. கேட்டாகளா?

– கேட்டாக. "மாப்பிள்ள, இது யாரு காரு?"ன்னாரு. நான் வாயத் தொறக்குறதுக்குள்ள எங்க மாமா சங்கிலிமுத்து, "எங்க எழிலோடதுதான். ரொக்கத்துக்கு எடுத்தது"ன்னுட்டாரு. மாப்பிள்ள வீட்டு மரியாதைக்குச் சொன்னாராம்.

– நீ?

– தலைய ஆட்டிட்டேன்.

– வெளங்கிரும்.

– அன்னைலருந்து எம் மாமனாரு மூஞ்சி சரியில்லண்ணே. அதுக்கு முன்னாடி என்னயப் பாத்தா, "வாங்க மாப்ள, சாப்புட்டீகளா"ன்னு வாயெல்லாம் பல்லா வருவாரு. இப்பப் பாத்தா துண்ட எடுத்து மூஞ்சியத் தொடச்சிக்கிட்டுப் போயிருதாரு. அவருக்குத் தெரிஞ்சு போச்சு. பொய்யின்னு கண்டுபிடிச்சிட்டாரு.

– என்ன தொழிலு?

– டிரைவரா இருந்து இப்ப சொந்த லாரி வச்சிருக்காரு. பட்டாசு லோடு அடிப்பாரு. முனியராஜ்னு.

– லாரிக்காரரா? போச்சு. அவுகளுக்கு இஞ்சின் சத்தத்துலயே சாதகம் தெரியும். ஒன்னயக் கேள்வி மேல கேள்வி கேட்டு அவுத்துருவாரு. சரி சொல்லு, மைலேஜ் எம்புட்டு?

– டவுனுக்குள்ள ஆறு, மெயின் ரோட்டுல பத்து.

– ஆயில்?

– எட்டு லிட்டரு. அண்ணே, என்னால முடியாது. நான் இப்பவே வாணிகிட்டச் சொல்லிறப் போறேன்.

– ஏலே, கிறுக்கா ஒனக்கு? நாளைக்குக் காலைல முகூர்த்தம். தாலியக் கட்டிட்டு ஒரு வாரம் களிச்சு, "காரு வித்துட்டேன்"னு சொல்லு. வித்த காசு எங்கன்னு கேட்டா, "ரிப்பேருக்குப் போச்சு"ன்னு சொல்லு. இந்தக் காரத் தெரிஞ்ச எவனும் நம்புவான்.

– அவ நம்புவாண்ணே. அதான் கஷ்டமா இருக்கு. நான் என்ன சொன்னாலும் நம்புவா. அவகிட்டப் போயி மொத மொத பொய்ச் சாவியோட எறங்கச் சொல்றீகளா?

– நாளைக்கு மறுவீட்டுக்கும் என் காரத்தான் சொல்லிருக்க. அது என்ன ஆகும்?

– அதுக்கும் சேத்துக் காசு தந்துறேன். ஆனா பஸ்ஸுல போறோம்.

– நல்ல பயதான் நீ. பொளைக்கத் தெரியாத நல்ல பய. இந்தா, போனு அடிக்குது பாரு.

– ஐயோ. வாணிதாண்ணே.

– எடு. கை பூரா கருப்பா இருக்கு, சட்டைல படாம ஸ்பீக்கர்ல போடு.

– வாணி... சொல்லு.

– எங்கன இருக்கீக? மேளம் இங்கன வரைக்கும் கேக்குது, உங்களக் காணோம்னு அத்த போன் போட்டுட்டே இருக்காக.

– திருத்தங்கல் தாண்டி நிக்கோம். காரு கொதிச்சிருச்சு.

– கொதிச்சிருச்சா? அடிக்கடி கொதிக்குமா?

– எம்மா, நான் டிரைவர் பாண்டிமுருகன் பேசுறேன். எப்பயாச்சும்தாம்மா. மாப்பிள்ள சாமர்த்தியசாலி, இப்ப சரி பண்ணிருவாரு.

– அண்ணே, நீங்க செத்த சும்மா இருங்க. வாணி, மாமா எங்க?

– அதச் சொல்லத்தான் கூப்புட்டேன். அப்பா காலைலருந்து பச்சத் தண்ணி குடிக்கல. பந்திக்குக் கூப்புட்டா வர மாட்டேங்காக. மணவற மேடைல துண்ட மூஞ்சில போட்டுக்கிட்டு உக்காந்துருக்காக. பாண்டி கூப்புட்டான், சித்தப்பா கூப்புட்டாரு. எந்திரிக்கல. ஆடிலருந்து மனசுக்குள்ளயே வச்சிருந்துட்டு, இன்னைக்கு அம்மாகிட்டச் சொல்லி அழுதுருக்காக. நான் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கோவப்படக் கூடாது. அந்தக் காரப் பத்தி...

– வாணி, நீ கேக்காத. நானே சொல்லிறேன்.

– தம்பி, வேணாம். போன வச்சிரு.

– விடுங்கண்ணே. வாணி, அந்தக் காரு என்னோடது இல்ல. பாண்டிமுருகண்ணனோடது. இன்னைக்கும் நாளைக்கும் வாடகைக்கு எடுத்துருக்கேன். காலண்டருக்காகச் சாஞ்சு நின்னேன், அம்புட்டுத்தான். மாமா கேட்டப்ப இல்லன்னு சொல்ல வாய் வரல. எங்கிட்ட ஒரு டி.வி.எஸ். வண்டிதான் இருக்கு, அதுவும் எங்கய்யா வாங்குனது. இப்ப நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கிறேன். கல்யாணம் வேணாம்னு உங்கப்பா சொன்னாலும் நான் தப்பு சொல்ல மாட்டேன்... வாணி? லைன்ல இருக்கியா?

– இருக்கேன்.

– அழுகுறியா?

– கொஞ்சம் பொறுங்க. சத்தியமாச் சொல்றீகளா? உங்க காரு இல்லயே?

– இல்ல.

– உங்க பேர்ல லோனு, தவண?

– ஒரு ரூவா இல்ல.

– நாளப்பின்ன வாங்குற நெனப்பும் இல்லயே?

– காலைலருந்து இதுக்கு ஆகுற செலவக் கேட்டுட்டு இருக்கேன் வாணி. ஓசில குடுத்தாலும் வேணாம்.

– எம்மா, நல்ல காருதாம்மா...

– அண்ணே!

– சரி, சரி. நான் ஒண்ணும் பேசல.

– வாணி, மாமாகிட்ட நானே வந்து கால்ல விளுந்து சொல்லிறேன். நீ இப்ப எதுவும் சொல்லாத.

– நீங்க போன வைக்காதீக, அப்பிடியே இருங்க. அப்பா! எப்போய்! அழுகைய நிறுத்துங்க, அந்தக் காரு அவுகளுது இல்லயாம், வாடகைக்காம்! எந்திரிச்சு வந்து சாப்புடுங்க, என் நகையெல்லாம் ஒண்ணும் அம்மா நகை மாதிரி டயராப் போகாது!