பைபாஸ் முக்கில் பதினாறு வரி

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். என் எழுத்தில் அந்தக் குறை இருக்காது.

தற்பெருமை எனக்குப் பிடிக்காது. ஆனால் சங்ககிரி வட்டாரத்தில் யார் வீட்டில் எழவு விழுந்தாலும், கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸுக்கு வரிகள் என்னிடமிருந்துதான் போகின்றன. நாலு கவிதைத் தொகுப்புகளும் போட்டிருக்கிறேன். அவற்றை யாரும் வாங்கவில்லை. நல்ல எழுத்துக்கு அப்படித்தான் நேரும். ஃபிளெக்ஸை மட்டும் ஊரே நின்று படிக்கிறது.

பங்குனியில் லாரி அதிபர் மருதாசலம் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தார். டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். அவர் மகள் மைதிலி என்னைத் தேடி வந்தாள்.

"இன்னிக்கோ நாளைக்கோங்க. எங்கப்பனுக்கு நீங்கதானுங்க எழுதோணும். பைபாஸ் முக்குல பெருசா வெக்கறோமுங்க."

எழுதினேன். பதினாறு வரி. முடித்துப் படித்தபோது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அதுவரை எழுதியதெல்லாம் இதற்கான ஒத்திகை என்று புரிந்தது.

மருதாசலம் பிழைத்துக்கொண்டார்.

எனக்கு மகிழ்ச்சிதான். ஒரு வாரம் மகிழ்ந்தேன். கவிதையை வேறு யாருக்காவது கொடுத்திருக்கலாமே என்பீர்கள். டிரைவராகத் தொடங்கி முப்பது லாரி சேர்த்தவரின் வாழ்க்கையை ஒரு கோழிப்பண்ணைக்காரர் தலையில் கட்ட முடியுமா? எழுத்தில் எனக்கு நாணயம் முக்கியம்.

மத்தியானங்களில் அவர் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பேன். ஒருநாள் அவரே சிரித்தபடி கேட்டார்.

"எனக்கு எழவுப் பாட்டு எழுதிட்டீங்களாமா? படிங்க, கேப்போம்."

படித்தேன். ஆறாவது வரியில் கொட்டாவி விட்டார்.

"ரொம்ப நீளமுங்க. லாரிக்குப் பின்னாடி எழுதறாப்பல ரெண்டு வரி போதுமுங்க. மைதிலிகிட்டயும் சொல்லிப்போடறேன்."

சொல்லிவிட்டுக் கண் அசந்தார்.

எனக்குக் கோபமே வரவில்லை. இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். விமர்சனத்தை ஏற்கும் பக்குவம் எனக்கு எப்போதோ வந்துவிட்டது. மைதிலி கடைவீதிக்குப் போயிருந்தாள். தலையணை பக்கத்திலேயே கிடந்தது. நோயில் இளைத்த உடம்பு, அதிக நேரம் ஆகவில்லை. பிறகு போர்வையைச் சரிசெய்துவிட்டு, மீதிப் பத்து வரிகளையும் அவருக்குப் படித்துக் காட்டினேன். இந்த முறை கொட்டாவி விடவில்லை.

ஃபிளெக்ஸை மறுநாளே வைத்தார்கள். ஒரு வரிகூடக் குறைக்கவில்லை. கோயம்புத்தூர் பஸ்களெல்லாம் அந்த இடத்தில் மெதுவாகப் போயின. அங்கே வேகத்தடை இருக்கிறது என்கிறார் உங்கள் ஏட்டு. இருக்கட்டும். அவர் கவிதை படிக்கிறவர் இல்லை என்பது முகத்திலேயே தெரிகிறது.

மைதிலி அதன்முன் நின்று கதறியதை ஊரே பார்த்தது. அப்பா போன துக்கத்தில் அழுதாள் என்கிறீர்கள். நீங்கள் அங்கே இல்லை, சார். நான் பக்கத்திலேயே நின்று அவள் கண்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அவள் அழ ஆரம்பித்தது நாலாவது வரியில்.